தலைப்பு இங்கே இரண்டு வரி வரும்

அந்த மாலைப் பத்திரிகையின் ஊழியர் சங்கத்தில் ஓட்டுப் போடக் கை தூக்கினால் போதாது, நடக்க வேண்டும். ஆதரிப்பவர்கள் ஜன்னல் பக்கம், எதிர்ப்பவர்கள் சுவர்ப் பக்கம். தூக்கிய கையை யாரும் பார்க்காதபோது இறக்கிவிடலாம், நடந்த காலை என்ன செய்வாய் என்பது சங்கத்தை ஆரம்பித்தவர்களின் கணக்கு. சீட்டில் எழுதிப் பெட்டியில் போடலாமே என்று யாராவது கேட்டால், "பத்திரிகைக்காரன் மறைச்சு எழுதுவானா?" என்று வாயை அடைத்துவிடுவார்கள். ஊரார் ரகசியத்தையெல்லாம் பிழைப்பாக வைத்திருப்பவர்களுக்குத் தங்களுக்கென்று ஒரு ரகசியம் இருக்கக் கூடாதாம். நல்ல நியாயம்.

வேலைநிறுத்தத்துக்கு ஓட்டெடுத்த அன்று கமா அக்கா சுவர்ப் பக்கம் நடந்தாள்.

கமா என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. முதல் பக்கம் அச்சுக்குப் போவதற்கு முன் கடைசியாக அதைப் பார்க்கிறவள் அவள். ஒரு கமா விடுபட்டாலும் நிருபரைக் கூப்பிட்டு நிறுத்தி வைத்துத் திருத்துவாள். அப்படித் திட்டு வாங்கிய யாரோ வைத்த பெயர் நிலைத்துவிட்டது. சம்பளச் சீட்டில் இருக்கிற பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள். பென்சில் எப்போதும் கொண்டையில் செருகியிருக்கும்.

முதல் பக்கத்தை அவள் தனியாகப் பார்ப்பதில்லை. அந்தப் பத்திரிகையில் ஒருவர் வாசிக்க, ஒருவர் பார்ப்பதுதான் வழக்கம். ஆசிரியர் ஒப்புக்கொண்ட மூலப் பிரதியை ஒருவர் உரக்க வாசிப்பார். எதிரே இருப்பவர் அச்சுக்குப் போகப் போகிற பக்கத்தில் அதைக் கண்ணால் தொடர்வார். வாக்கியம் சரியாக இருந்தால் "சரி" என்பார். தப்பு இருந்தால் பென்சிலால் மேஜையில் ஒரு தட்டு. வாசிக்கிறவர் நிறுத்திவிட வேண்டும்.

வாசிக்கிறவள் பெயர் வானொலி. அதுவும் பட்டப்பெயர்தான். செய்தி அறிக்கை மாதிரி கணீரென்று குரல். இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து தலை நரைத்தவர்கள். கொலை, கொள்ளை, தேர்தல், வெள்ளம் எல்லாவற்றையும் வானொலி ஒரே சீராக வாசிப்பாள், நடுநடுவே வீட்டு நடப்பையும் சேர்த்துக்கொண்டு. "அமைச்சர் மறுத்தார், புள்ளி. அடுத்த பத்தி. எங்க மாமியாருக்கு மறுபடியும் மூட்டு வலி. விசாரணைக் குழு, கமா..." கமா அக்கா பக்கத்திலிருந்து கண்ணை எடுக்காமல், "தைலம் தேய்க்கச் சொல்லு. சரி," என்பாள். புதிதாக வேலைக்கு வந்தவர்கள் மாமியாரும் விசாரணைக் குழுவில் இருக்கிறாரோ என்று குழம்புவார்கள்.

தலைப்பு மட்டும் கடைசியில் வரும். ஆசிரியர் யோசித்து, அடித்து, மறுபடி யோசித்து, பக்கம் போகிற நேரத்தில்தான் ஒரு துண்டுத் தாளில் எழுதி வானொலியின் கையில் கொடுப்பார். அவள் அதை வாசிப்பாள். அப்போதுதான் கமா அக்கா பக்கத்தின் மேலே பார்ப்பாள். அதுவரை பார்ப்பதில்லை, பார்க்கவும் ஒன்றும் இருக்காது. பக்கம் கட்டுகிறவர் இடம் பிடிப்பதற்காக 'தலைப்பு இங்கே இரண்டு வரி வரும்' என்று கொட்டை எழுத்தில் போட்டு வைத்திருப்பார். இத்தனை வருடமாகத் தலைப்பு அவளுக்குக் காது வழியாகவே வந்து பழக்கம்.

சண்டைக்குக் காரணம் புகைப்படப் பிரிவு. நிர்வாகம் ஒரே நாளில் அதை இழுத்து மூடியது. மூத்த புகைப்படக்காரரை எல்லோரும் லென்ஸ் என்பார்கள். ஒரு நாள் காலை அவர் வாசல் கதவில் தன் அடையாள அட்டையைத் தேய்த்தார், சிவப்பு விளக்கு எரிந்தது. மெஷின் ரிப்பேர் என்று நினைத்துச் சட்டையில் துடைத்துத் துடைத்துத் தேய்த்திருக்கிறார். வேலை போனதைக் காவலாளி சொல்லித்தான் அவருக்குத் தெரிந்தது. தோளில் கேமரா பை, அதற்குள் பிள்ளைகளுக்கு வாங்கிய வண்ணப் பென்சில் பெட்டி. அதைக் கேட்ட அன்று வானொலி பக்கத்தை வாசிக்கும்போது இரண்டு தடவை குரல் உடைந்தது.

கூட்டத்தில் பேசியவர் சங்கத் தலைவர். விளையாட்டுப் பக்கம் பார்ப்பவர். பேசும்போது ஒற்றை விரலைத் தூக்குவதால் அம்பயர். "இன்னிக்கு படம் எடுக்கிறவன். நாளைக்கு எழுதறவன். அவங்களைத் திரும்ப எடுக்கிற வரைக்கும் ஒரு எழுத்து உள்ள போகக் கூடாது," என்றார். எதிர்த்துப் பேசியவர்கள் வீட்டுக் கடன் என்றார்கள், பத்திரிகையே மூடிவிடும் என்றார்கள். யாரோ பின்னாலிருந்து, "மூடினா நாமளே ஆரம்பிப்போம்" என்றார். அவரிடம் முந்தின நாள் டீக்கே சில்லறை இல்லை. எல்லோரும் சிரித்தார்கள்.

பிறகு நடந்தார்கள். முதலில் ஜன்னல் பக்கம் போனவள் வானொலி. போய்த் திரும்பி நின்று, பக்கத்தில் ஓர் ஆள் நிற்க இடம் விட்டு, கமா அக்காவைப் பார்த்தாள். வாவென்று கூப்பிடக்கூட இல்லை. வராமல் எங்கே போவாள் என்கிற நம்பிக்கை.

கமா அக்கா எழுந்தாள். கால் சுவர்ப் பக்கம் போயிற்று. போய் நின்ற பிறகு ஜன்னல் பக்கம் அவளால் பார்க்க முடியவில்லை. சுவரில் ஒட்டியிருந்த தீயணைப்புக் குறிப்பை வாசித்தாள். அதில் இரண்டு பிழை இருந்தது.

ஓட்டு வேலைநிறுத்தத்தின் பக்கம் விழுந்தது. அவள் ஏன் அப்படி நடந்தாள் என்பதற்கு அன்றைக்கே காரணம் கண்டுபிடித்தார்கள். செய்தி ஆசிரியர் நாற்காலி காலியாக இருக்கிறது, அதற்குத்தான் அக்கா அடி போடுகிறாள் என்றார்கள். அவள் மறுக்கவில்லை. மறுத்தால் உண்மையான காரணத்தைச் சொல்ல வேண்டும்.

உண்மையான காரணம் இதுதான்: வேலைநிறுத்தம் என்றால் வீட்டில் இருக்க வேண்டும். முன்பு ஒரு முறை நீண்ட வேலைநிறுத்தம் நடந்தது. முதல் நாள் அலுவலக வாசலில் போட்ட போராட்டப் பந்தல் கல்யாண வீடு மாதிரி இருந்தது. போகப் போக ஆள் குறைந்து, கடைசியில் காவலுக்கு ஒருவரும் ஒரு நாயும். மற்றவர்கள் அவரவர் வீட்டில். அப்போது கமா அக்காவுக்கும் வீட்டில் கணவர் இருந்தார். பகலில் அவரோடு உட்கார்ந்து சண்டை போட்டுக்கொண்டே காய் நறுக்கினாள். நல்ல நாட்கள்தான் அவை. இப்போது அவர் சுவரில் இருக்கிறார். படம் லென்ஸ் எடுத்தது. மகன் கப்பலில். சிக்னல் இருந்தால் மகன், இல்லாவிட்டால் கடல். ஞாயிற்றுக்கிழமையைத் தள்ளுவதற்கே அவள் படும் பாடு அவளுக்குத் தெரியும். வாரம் முழுவதும் ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால்? பயமாக இருந்தது. வேலை போன நாலு பேருக்காக எல்லோரும் நிற்கும்போது, 'எனக்கு வீட்டில் பேச ஆள் இல்லை, அதனால் வேண்டாம்' என்று எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வது?

நிர்வாகத்துக்கு நோட்டீஸ் கொடுத்ததற்கும் வேலைநிறுத்தம் தொடங்குவதற்கும் இடையில் சில நாட்கள் இருந்தன. அந்த நாட்களிலும் பக்கம் போக வேண்டும், வானொலி வாசிக்க வேண்டும். வாசித்தாள். வாசிப்பதைத் தவிர ஒரு வார்த்தை பேசவில்லை.

"நீர்மட்டம் உயர்ந்தது, புள்ளி."

"சரி."

"அடுத்த பத்தி. கரையோர மக்கள், கமா, பள்ளிகளில் தங்கவைக்கப்பட்டனர், புள்ளி."

"சரி. மாமியாருக்கு எப்படி இருக்கு?"

"அடுத்த பத்தி," என்றாள் வானொலி.

மாமியார் இல்லாத செய்தியில் ஒரு சுவையும் இல்லை. ஆனாலும் கமா அக்கா அந்த வாசிப்புக்காகவே காலையில் சீக்கிரம் வந்தாள். வாசித்து முடிந்தால் வானொலி எழுந்து போய்விடுவாள் என்பதால், சரியாக இருந்த வாக்கியத்தைக்கூட, "காதுல விழல, இன்னொரு தடவை" என்று கேட்டாள். வானொலி இன்னொரு தடவை வாசித்தாள். கல் வாசிப்பதுபோல இருந்தது.

வேலைநிறுத்தம் தொடங்கியது. சுவர்ப் பக்கம் நின்றவர்களில் பெரும்பாலோர் ஓட்டுக்குக் கட்டுப்பட்டு வீட்டில் இருந்துகொண்டார்கள். கமா அக்காவும் இருந்து பார்த்தாள். காலையில் எல்லா வேலையும் முடிந்துவிட்டது. ஒரே ஒரு தட்டைத் திரும்பத் திரும்ப எத்தனை முறை கழுவுவது? பந்தலுக்குப் போகலாம் என்று நினைத்தாள். போனால் எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்ப்பார்கள். வீட்டுத் தனிமையாவது தெரிந்த தனிமை. மகனுக்குப் போன் போட்டாள். தொடர்பு எல்லைக்கு வெளியே என்று ஒரு பெண் குரல் சொன்னது. அந்தக் குரலை முழுசாகக் கேட்டுவிட்டுத்தான் வைத்தாள். அதற்குப் பிறகு அவளால் முடியவில்லை. கொண்டையில் பென்சிலைச் செருகிக்கொண்டு கிளம்பி, பின்வாசல் வழியாக அலுவலகத்துக்குள் போனாள்.

உள்ளே ஆசிரியரும், விளம்பரப் பிரிவிலிருந்து பிடித்து வந்த இரண்டு பேரும் பக்கம் கட்டிக்கொண்டிருந்தார்கள். அவளைப் பார்த்ததும் ஆசிரியருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"நீங்க வந்தது போதும்மா. முதல் பக்கத்தை மட்டும் பாத்துடுங்க."

"வாசிக்க ஆளு?"

"ஆளுக்கு எங்க போறது? நீங்களே பாத்துக்குங்க. உங்க கண்ணுக்குத் தப்புமா?"

செய்தி அறை அப்படிக் காலியாக இருந்து அவள் பார்த்ததில்லை. நாற்காலிகள் அப்படி அப்படியே திரும்பி நின்றன. யாருடைய மேஜையிலோ பாதி குடித்த தண்ணீர் பாட்டில். கணினி விசிறி ஒன்று மட்டும் இரைந்தது. தன் இடத்தில் உட்கார்ந்து பக்கத்தை விரித்தாள். எதிரே வானொலியின் நாற்காலி. அதன் முதுகில் அவள் மறந்துவிட்டுப் போன சால்வை.

தானே வாசித்தாள், உரக்க. தன் குரல் அந்த அறையில் வேறு யாருடையதோ போலக் கேட்டது. மூலத்தில் ஒரு வாக்கியத்தை வாசித்து, பக்கத்தில் பார்த்து, "சரி" என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். பைத்தியக்காரத்தனமாக இருந்தாலும் விடவில்லை. ஓர் எண்ணில் ஒரு பூஜ்யம் அதிகம் இருந்ததைப் பிடித்தாள். ஒரு படவிளக்கத்தில் இடம் வலம் மாறியிருந்ததைப் பிடித்தாள். கமா ஒன்றுகூடத் தப்பவில்லை. கடைசி வரி வரை பார்த்து, பழக்கப்படி கொஞ்ச நேரம் சும்மா இருந்தாள். எதற்காகக் காத்திருக்கிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை. பிறகு ஓரத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பினாள்.

மாலையில் பத்திரிகை கடைக்கு வந்தது. முதல் பக்கத்தில், ஊரே பார்க்கிற மாதிரி, கொட்டை எழுத்தில்:

தலைப்பு இங்கே இரண்டு வரி வரும்.

ஊர் சிரித்தது. பஸ்ஸில் சிரித்தார்கள், சலூனில் சிரித்தார்கள், போட்டிப் பத்திரிகைக்காரர்கள் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். போன்களில் அந்தப் பக்கத்தின் படம் பறந்தது. ஆசிரியர் துண்டுத் தாளில் எழுதிய தலைப்பு விளம்பரப் பிரிவுக்காரர் ஒருவரின் சட்டைப் பையிலேயே இருந்தது. அதைக் கேட்டு வாங்கி வாசிக்க ஆள் இல்லை.

மறுநாள் காலை ஆசிரியர் அறைக்குக் கூப்பிட்டார். பத்திரிகையை மேஜையில் விரித்து வைத்திருந்தார்.

"ஏம்மா இப்படிப் பண்ணீங்க?"

"தவறிட்டேன் சார்."

"நீங்களா?"

"ஆமா சார். தலைப்பைப் பாக்கல."

ஆசிரியர் சிரித்தார். சிரிக்கிற சிரிப்பு இல்லை அது. "இத்தனை வருஷத்துல ஒரு கமா தவறினதில்ல உங்களுக்கு. இவ்ளோ பெரிய எழுத்து தவறுமா? சின்னப் பிள்ளை சொன்னாலும் நம்பாது. அவங்க பந்தல்ல கத்தறாங்க. நீங்க உள்ள வந்து குத்திட்டீங்க. உங்களை நம்பினேம்மா நான்."

அவள் மறுபடியும் உண்மையைச் சொன்னாள். ஒழுங்காக வேலை செய்ததற்கு இப்படி ஒரு தண்டனை: தப்புச் செய்தேன் என்றால் நம்ப ஆள் இல்லை. விசாரணை முடியும்வரை வர வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள். காவலாளி அட்டையை வாங்கிக்கொண்டார். இந்தத் தடவை முன்வாசல் வழியாகத்தான் வெளியே விட்டார்கள்.

முன்வாசலுக்கு எதிரேதான் பந்தல். அவள் தலையைக் குனிந்துகொண்டு கடந்துவிடலாம் என்று பார்த்தாள். யாரோ பார்த்துவிட்டார்கள். கை தட்டல் ஆரம்பித்து, பந்தல் முழுவதும் எழுந்தது.

"அக்கா! இப்படி ஒரு போடு போட்டீங்களே!"

"நாங்க வெளியில நின்னு தொண்டை கிழியக் கத்தினோம். அக்கா உள்ள போயி ஒரே தலைப்புல முடிச்சிட்டாங்க!" என்று அம்பயர் விரலைத் தூக்கினார். "அன்னிக்கு சுவத்துப் பக்கம் போனப்பவே நான் நினைச்சேன், அக்கா ஏதோ திட்டம் வெச்சிருக்காங்கன்னு."

அன்றைக்கு அவர் என்ன நினைத்தார் என்பது அவர் பேசியதைக் கேட்ட எல்லோருக்கும் தெரியும். இருக்கட்டும். ஒரு மடக்கு நாற்காலியை விரித்து அவளை உட்கார வைத்தார்கள். டீ வந்தது. அவள் டீக்குச் சர்க்கரை வேண்டாம் என்பதுகூட யாருக்கோ ஞாபகம் இருந்தது. லென்ஸ் வந்து எதிரே குந்தி உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

"எங்களுக்காகத்தானே அக்கா? வேலையே போனாலும் பரவாயில்லன்னு..."

இல்லை என்று சொல்ல வேண்டிய இடம் அதுதான். கமா அக்கா சொல்லவில்லை. டீ சூடாக இருந்தது, சுற்றிலும் ஆட்கள் இருந்தார்கள், எல்லோரும் அவளிடம் ஒரே நேரத்தில் பேசினார்கள். இத்தனை நாள் பட்டினி கிடந்தவள் இலை போட்டதும் எழுந்திருப்பாளா? அன்று மாலைவரை பந்தலிலேயே இருந்தாள். சிரிக்கவும் செய்தாள்.

வானொலி மட்டும் பக்கத்தில் வரவில்லை. பந்தலின் மறு ஓரத்தில் கோஷ அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். ஒரே ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையிலேயே கமா அக்காவுக்குத் தெரிந்துவிட்டது, இவளுக்குத் தெரியும் என்று. அந்தக் குரல் வராமல் கமா அக்கா பக்கத்தின் மேலே பார்க்க மாட்டாள் என்று உலகத்தில் தெரிந்தவர்கள் இரண்டே பேர்.

அடுத்த நாள் சங்கத்தின் துண்டறிக்கை தயாரானது. பத்திரிகைக்காரர்கள் சங்கத்து அறிக்கையில் பிழை இருந்தால் மானம் போகும். அம்பயர் தாள்களைக் கொண்டு வந்து, "நீங்க ரெண்டு பேரும் ஒரு தடவை பாத்துடுங்க, அச்சுக்கு ஆள் காத்திருக்கு," என்றார். அதைவிட இயல்பான காரியம் உலகத்தில் இல்லை என்பதுபோலச் சொன்னார்.

வானொலி ஒரு நாற்காலியைக் கொண்டு வந்து எதிரே போட்டாள். நடுவே ஒரு ஸ்டூல். கமா அக்கா கொண்டையிலிருந்து பென்சிலை எடுத்தாள். வேலை நடப்பதைப் பார்க்கிற ஆவலில் சிலர் சுற்றி நின்றார்கள், லென்ஸும்.

வானொலி வாசித்தாள். "தோழர்களே, ஆச்சரியக்குறி. நிர்வாகத்தின் பழிவாங்கும் போக்கைக் கண்டித்து நாம் நடத்தும் போராட்டம் வலுவடைந்து வருகிறது, புள்ளி."

"சரி."

"புகைப்படப் பிரிவுத் தோழர்கள் அனைவரும் மீண்டும் பணியில் சேர்க்கப்படும்வரை ஓய மாட்டோம், புள்ளி."

"சரி."

"அடுத்த பத்தி." வானொலியின் குரலில் மாற்றம் இல்லை. "எதிர்ப்பது போல் நடித்து, கமா, உள்ளே புகுந்து, கமா, ஒரே தலைப்பால் நிர்வாகத்தின் முகத்திரையைக் கிழித்தெறிந்த நம் அக்காவின் வீரத்துக்குத் தலைவணங்குகிறோம், புள்ளி."

நிறுத்தினாள். தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. காத்திருந்தாள்.

ஒரு வார்த்தை போதும். சரி என்றால் அடுத்த பத்தி வரும். டீ வரும், நாற்காலி இருக்கும், அக்கா அக்கா என்று காலையிலிருந்து மாலைவரை ஆட்கள் இருப்பார்கள். கமா அக்காவுக்கு அந்த வார்த்தை நாக்கு நுனியில் நின்றது. வாக்கியத்தில் எழுத்துப் பிழை இல்லை. கமாவெல்லாம் அதனதன் இடத்தில் இருந்தது.

எதிரே இருந்தவளைப் பார்த்தாள். வாசிக்கிறவள் வாசித்துவிட்டாள். பார்க்கிறவள் பார்த்தாக வேண்டும்.

பென்சிலால் ஸ்டூலில் ஒரு தட்டுத் தட்டினாள்.

"என்ன தப்பு?" என்றாள் வானொலி.

"விஷயம் தப்பு."

"அடக்கமெல்லாம் வேணாம் அக்கா," என்று அம்பயர் சிரித்தார்.

"அடக்கம் இல்ல. நான் வேணும்னு பண்ணல. வேலை செய்யத்தான் உள்ள போனேன். தலைப்பைப் பாக்காம விட்டுட்டேன். அவ்வளவுதான்."

அம்பயர் குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் சொன்னார். "ஊருக்கெல்லாம் சொல்லியாச்சுக்கா. அப்படியே விடுங்களேன். யாருக்கு என்ன நஷ்டம்?"

"தெரிஞ்சே ஒரு தப்பை நான் இதுவரைக்கும் அச்சுக்கு விட்டதில்ல தம்பி."

பின்னாலிருந்து யாரோ, "கருங்காலி" என்றார்கள். சத்தமாக இல்லை, ஆனால் எல்லோருக்கும் கேட்டது. வேலைநிறுத்தத்தை உடைக்கிறவர்களுக்கென்று வைத்திருக்கிற சொல் அது. அதில் பிழையும் இல்லை. லென்ஸ் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டியிருந்தால் தேவலை. கேமரா பையை எடுத்து மாட்டிக்கொண்டு வாசல் பக்கம் போய் நின்றுகொண்டார். ஒவ்வொருவராக நகர்ந்து, கடைசியில் ஸ்டூலைச் சுற்றி இரண்டு பேர்தான் மிஞ்சினார்கள்.

"அந்தப் பத்தியை எடுத்தா இடம் காலியா நிக்கும்," என்றாள் வானொலி. பேனாவைத் திறந்தாள். "என்ன போடறது?"

"திருத்தம் போடு."

"சொல்லு."

"முதல் பக்கத்தில் தலைப்பு விடுபட்டது தவறு, புள்ளி. வேண்டுமென்று செய்ததல்ல, புள்ளி. பக்கம் பார்த்தவருக்கு..." பென்சிலைக் கையில் உருட்டினாள்.

"பார்த்தவருக்கு?"

"எதிரே வாசிக்க ஆள் இல்லை."

வானொலி எழுதினாள். பிறகு, வழக்கப்படி, எழுதியதைத் திருப்பி வாசித்தாள். கணீரென்றுதான் ஆரம்பித்தாள். 'ஆள் இல்லை' என்ற இடத்தில் அந்தக் குரல் கரகரத்து நின்றது. புள்ளி சொல்லவில்லை.

"ஏன்டி இதை அன்னிக்கே சொல்லல?" என்றாள்.

"எதை?"

"வீட்ல இருக்க முடியலன்னு."

"சொன்னா என் வீட்டுக்கு வந்து உக்காந்திருப்பே. பாவம்னு வந்திருப்பே. நீ என்கிட்ட பாவம்னு வரக் கூடாது."

வானொலி தாளை மடித்தாள். "லென்ஸும் வீட்லதான் உக்காந்திருந்தான், பிள்ளைங்க முகத்தைப் பாக்க முடியாம. அதை நீ நினைக்கலயா?"

"நினைச்சேன்."

"நினைச்சுட்டும் நடந்தே."

"நடந்தேன்."

டீத் தட்டு பந்தலைச் சுற்றி வந்தது. இவர்கள் பக்கம் வராமலே திரும்பிப் போனது. வானொலி அதைப் பார்த்தாள், கமா அக்காவும் பார்த்தாள். அச்சகத்துக்குப் போகிறவர் வந்து தாளை வாங்கிக்கொண்டார்.

கமா அக்கா எழுந்து தன் நாற்காலியை மடக்கப் போனாள்.

"நாளைக்கும் நோட்டீஸ் உண்டு," என்றாள் வானொலி. "காலையிலேயே வந்துடு."

"வந்தா இவங்கல்லாம்?"

"இவங்க பேச மாட்டாங்க. எனக்கும் இன்னும் கோவம் போகல, சொல்லிட்டேன். ஆனா நான் வாசிப்பேன்."

நாளைக்கும் இந்தப் பந்தலில் அத்தனை முகங்களுக்கு நடுவே, ஒருவர் முகத்தையும் பார்க்க முடியாமல் உட்கார வேண்டும். வீட்டில் யாரும் இல்லாததைவிட அது லேசாக இருக்குமா, இன்னும் பாரமாக இருக்குமா என்று அவளுக்குத் தெரியவில்லை. பென்சிலைக் கொண்டையில் செருகிக்கொண்டாள்.

"சரி," என்றாள்.